காதில் ஒரு துளை

சென்ற வைகாசி மாதத்தில் எங்கள் குடும்பத்தில் ஒரு காது குத்துக் கல்யாணம் நடந்தது. குழந்தைக்குத் தாய்மாமன் நான்தான். தாய்மாமன் என்றால் நம் நாட்டில் சாமான்யமான பதவியா? சீர்வரிசைத் தட்டுகளைச் சுமந்து கொண்டு போக வேண்டும்; குழந்தையை மடியில் உட்கார்த்தி வைத்துக்கொள்ள வேண்டும்; ஆசாரி ஊசியை எடுக்கும்போது அதன் தலை அசையாதபடி பிடித்துக்கொள்ள வேண்டும். குழந்தை வீரிட்டு அழும்போது கூடியிருப்பவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். மாமனும் சிரித்துத்தான் ஆக வேண்டும். வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அடக்கி ஆளுகிற எனக்கு, ஒரு வயதுக் குழந்தை ஒன்றின் தலையைப் பிடிக்க வேண்டுமே என்ற நினைவு மூன்று மாத காலம் தூக்கத்தைக் கெடுத்தது. அழுகைக்கு அஞ்சி அல்ல. குழந்தையின் தாய், அதாவது என் தங்கை, தன் இடது காதின் பின்புறத்தில் சிறு நெல்லிக்காய் அளவுள்ள ஒரு கட்டியைத் தலைமயிரால் மறைத்துக்கொண்டு நடமாடுகிறவள்.

அந்தக் கட்டியின் வரலாறு இது. குழந்தைப் பருவத்தில் அவளுக்குக் காது குத்தியபோது யாதொரு தொல்லையும் உண்டாகவில்லை. கல்லூரியில் படிக்கும்போது, பதினெட்டாவது வயதில், தோழிகளுடன் போய்த் தோட்டுத் துளைக்கு மேலே இரண்டாவது துளை ஒன்று குத்திக்கொண்டாள். புண் ஆறிற்று. ஆறு மாதம் கழித்துப் பின்பக்கத்தில் மிளகு அளவில் ஏதோ தட்டுப்பட்டது, அரித்தது. மிளகு பட்டாணியாயிற்று. ஒரு வைத்தியர் அதை வெட்டி எடுத்துத் தையல் போட்டார். ஓர் ஆண்டுக்குள் முன்னிலும் பெரிதாக அதே இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. இதற்குக் கீலாய்டு என்று பெயர். வளர்தழும்பு என்று சொன்னால் பொருந்தும். இவளுடைய பெண்ணின் காதைத்தான் நான் பிடித்துக்கொள்ள வேண்டும்!

ஆகவே, கல்யாணப் பத்திரிகை அச்சாவதற்கு முன்பே நான் புத்தகங்களையும் ஒரு சரும வைத்தியரையும் நாடிப் போனேன். அங்கே தெரிந்துகொண்டவற்றை, தோடும் மூக்குத்தியும் இல்லாத வீடு நம்மில் அரிது என்பதை உத்தேசித்து, இங்கே எழுதுகிறேன்.

காது குத்துவது என்பது ஒரு காயம். ஆனால் நாம் வேண்டுமென்றே மூட விடாத காயம். இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் மற்றவை எல்லாம் தாமே விளங்கும். ஊசி நுழைந்தவுடன் அறுபட்ட நுண்ணிய ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. ரத்தம் உறைந்து அடைப்பு உண்டாகிறது. சில மணி நேரத்திற்குள் வெள்ளணுக்கள் அவ்விடத்தில் வந்து குவிகின்றன. காது சிவப்பதும், வீங்குவதும், சுடுவதும் அவற்றின் வேலை. அவை குப்பையையும் கிருமிகளையும் விழுங்கிச் சுத்தம் செய்கின்றன. நாலைந்து நாளில் வேறொரு கூட்டம் வந்து சேருகிறது. கொலாஜன் என்னும் நாரை நூற்று இழைக்கிற ஜீவ அணுக்கள் இவை. கிழிந்த துணிக்கு அவசர இழை ஓட்டுவது போல முதலில் மெல்லிய நாரை இழைத்து, பிறகு பல மாதங்கள் அதைப் பிரித்துப் பிரித்து உறுதியான நாராக மாற்றுகின்றன. எத்தனை காலம் சென்றாலும், தழும்பின் வலு பழைய தோலின் வலுவில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் ஏறுவதில்லை.

காதுத் துளையில் இதோடு இன்னொரு வேலையும் நடக்கிறது. துளையின் நடுவில் தங்கக் கம்பி நிற்கிறது. ஆகையால் இரு பக்கத்துச் சதையும் ஒட்டிக்கொள்ள முடியவில்லை. அப்பொழுது மேல்தோலின் அணுக்கள் என்ன செய்கின்றன? முன் வாயிலிருந்தும் பின் வாயிலிருந்தும் கம்பியை ஒட்டியபடியே உள்ளே ஊர்ந்து வந்து, நடுவில் சந்தித்துக் கை கோத்துக்கொள்கின்றன. கிணறு வெட்டினவர்கள் மண் சரியாமல் இருக்க உறை இறக்குகிறார்கள் அல்லவா? அது போல, இரண்டு பக்கமும் வாயுள்ள ஒரு சிறு கிணற்றுக்குத் தோல் உறை இறக்குகிறது. உறை முழுமையாவதற்கு முன் கம்பியை எடுத்துவிட்டால் துளை அடைபட்டுப் போகிறது. 'காது தூர்ந்து போய்விட்டது' என்று நம் பெண்கள் சொல்கிறார்கள். கிணற்றுக்கும் காதுக்கும் ஒரே வினைச் சொல்லை வைத்த தமிழ்ப் பாட்டி யாரோ, அவளுக்கு உடற்கூறு சாஸ்திரம் தெரிந்திருக்க வேண்டும்!

உறை வாயிலிருந்து உள்ளே போகிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும். வெளியே பார்த்தால் புண் ஆறிவிட்டது போலத் தோன்றும். உள்ளே இன்னும் பச்சைப் புண்ணாக இருக்கும். மூன்றாவது வாரத்தில் யாரோ ஒரு அத்தை ஆசையாக ஜிமிக்கி வாங்கி வருகிறாள், கம்பியைக் கழற்றி ஜிமிக்கியைத் திணிக்கிறார்கள், உறை கிழிகிறது, மறுநாள் சீழ். காது மடலின் அடியில் உள்ள சோணை ஆறுவதற்கு ஆறு முதல் எட்டு வாரம் செல்லும். அதுவரை அத்தைமார்கள் பொறுத்தருள வேண்டும்.

சோணையிலே எலும்பும் இல்லை, குருத்தெலும்பும் இல்லை, கொழுப்பும் நாரும்தான். ரத்த ஓட்டமும் தாராளம். முன்னோர் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது எவ்வளவு பொருத்தம் என்பதை இப்பொழுது புதிதாகக் கிளம்பியிருக்கும் மோகத்தைப் பார்க்கும்போது உணர்கிறோம். காதின் மேல் விளிம்பு முழுவதும் வரிசையாகத் துளைத்துக்கொள்வது இப்போது வழக்கமாகியிருக்கிறது. புதிதா என்றால் முழுக்கப் புதிதும் அல்ல. கொப்பும் முருகும் அங்கே தொங்கியவைதாம். ஆனால் அவ்விடம் குருத்தெலும்பு. குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாய் கிடையாது. அதைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்விலிருந்தே அது ஆகாரம் பெறுகிறது. கிருமி புகுந்து சவ்வுக்கும் குருத்துக்கும் நடுவே சீழ் கட்டிவிட்டால், குருத்து பட்டினியால் மடிகிறது. காது சுருங்கிக் காலிப்பூ வடிவம் பெறுகிறது. அப்படி உருக்குலைந்த காதைப் பழையபடி ஆக்குவது மிகவும் கடினம். ஆறுவதற்கும் அங்கே மூன்று மாதம் முதல் ஓர் ஆண்டு வரை பிடிக்கிறது.

அமெரிக்காவில் ஆரிகன் மாகாணத்தில் 2000ஆம் ஆண்டில் நடந்த ஒரு சம்பவத்தை வைத்தியப் பத்திரிகைகள் விவரித்திருக்கின்றன. நகை விற்கும் ஒரு சிறு கடையில் மேற்காது குத்திக்கொண்டவர்களில் ஏழு பேருக்கு ஒரே வகைக் கிருமியால் காது அழுகியது பரிசோதனையில் உறுதியாயிற்று. கிருமி எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு போனார்கள். கடையில் கிருமி நாசினி வைத்திருந்த புட்டியிலேயே கிருமி குடியிருந்தது! வேலியே பயிரை மேய்ந்த கதை.

துப்பாக்கி போன்ற கருவியால் 'டக்' என்று அடித்துவிடுகிறார்களே, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊசி தசையை வகுத்துக்கொண்டு போகிறது. இந்தக் கருவியோ மழுங்கிய முனையுள்ள தோட்டையே அழுத்தி நசுக்கிக்கொண்டு நுழைக்கிறது. சோணை அதைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், குருத்தெலும்பு தாங்காது. தவிரவும், பிளாஸ்டிக்கால் ஆன கருவியைக் கொதி நீராவியில் வைத்துச் சுத்தம் செய்ய இயலாது, உருகிப் போகும். ஒருவர் ரத்தம் பட்டது மற்றவர் காதில் படலாம். மஞ்சள் காமாலைக் கிருமிகளில் இரண்டு வகை அவ்விதம் பரவக்கூடியவை. நம் ஊர் ஆசாரி தங்கக் கம்பியைக் கூராகச் சீவிக் குத்துகிறார். முறை நல்ல முறைதான். ஆனால் கம்பியைத் தணலில் காட்டினாரா, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாரா என்று கேட்பதற்கு நமக்கு வாய் வர வேண்டும். தாம்பூலத் தட்டை நீட்டும் அதே கையால் ஒரு சோப்புக் கட்டியையும் நீட்டினால் அவர் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார். நான் நீட்டினேன், அவர் சிரித்துக்கொண்டே கழுவினார்.

குழந்தைகளுக்கு ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் போடுகிற தடுப்பூசிகளில் இழுப்பு ஜன்னிக்கும் காமாலையின் ஒரு வகைக்கும் காப்பு இருக்கிறது. அவை முடிந்த பிறகே காது குத்துவது உசிதம் என்று வைத்தியர் சொன்னார்.

சுசுருத சம்ஹிதையில் காது குத்துவதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. ஆறாம் மாதத்திலோ ஏழாம் மாதத்திலோ குத்த வேண்டும். காதைச் சூரிய வெளிச்சத்தில் பிடித்து, ஒளி ஊடுருவித் தெரிகிற இடமாகப் பார்த்துக் குத்த வேண்டும். ரத்தம் அதிகமாய் வந்தாலும் வலி மிகுந்தாலும் இடம் தவறிவிட்டது என்று அறிய வேண்டும். துளையில் பஞ்சுத் திரியை இட்டு எண்ணெய் விட்டு வர வேண்டும். ரத்தக் குழாய் இல்லாத இடத்தைக் கண்டுபிடிக்க வெளிச்சத்தைப் பயன்படுத்தியது சாமர்த்தியந்தான், சந்தேகமில்லை. ஆனால் இதைக் கேட்டவுடன் சிலர், காது குத்தினால் கண் பார்வை தெளியும், மூளை விருத்தியாகும் என்றெல்லாம் ஆரம்பித்துவிடுகிறார்கள். சோணையில் குத்தினால் கண்ணோ மூளையோ மேம்படும் என்பது எந்தச் சோதனையாலும் நிலைநாட்டப்படவில்லை. சுசுருதருக்கு இருக்கிற உண்மையான பெருமை போதும். போலிப் பெருமை வேண்டாம்.

அவருடைய உண்மையான பெருமை அறுந்த காதை ஒட்டுவதில் இருக்கிறது. பதினைந்து வகையான முறைகளை அவர் சொல்கிறார். ஒட்டுவதற்கு முன் இரு விளிம்புகளையும் கீறிப் பச்சைப் புண்ணாக்கிக்கொள்ளச் சொல்கிறார். ஏன்? தோலும் தோலும் எவ்வளவு நாள் சேர்ந்திருந்தாலும் ஒட்டாது. புண்ணும் புண்ணும்தான் ஒட்டும். மேலே சொன்ன உறையைச் செதுக்கி எடுத்தாக வேண்டும். இன்றைக்கும் கனமான தோட்டால் அறுந்த காதைத் தைக்கிற வைத்தியர் முதலில் செய்வது அதுவே. தைத்த பின் சில மாதங்கள் பொறுத்து, தழும்பின் மேல் அல்லாமல் அதற்குப் பக்கத்தில் புதிதாகக் குத்த வேண்டும். தழும்பு பழைய தோலைப் போல வலுவுள்ளதல்ல என்று சொன்னேனே, அதுதான் காரணம். பாரத்தைத் தலைமயிரில் ஏற்றிவிடுகிற மாட்டல் என்னும் நகை வெறும் அலங்காரம் அல்ல என்பதும் இங்கே விளங்கும்.

என் ஆச்சி திருநெல்வேலிச் சீமைக்காரி. அவளுடைய காதில் பாம்படம் தோளைத் தொட்டுக்கொண்டு ஊஞ்சலாடும். சின்ன வயதில் அவள் காதைக் குத்தி, துளையில் ஓலைச் சுருளைச் செருகி, பிறகு ஈயக் குணுக்கை மாட்டி, வருஷக் கணக்கில் வளர்த்தார்களாம். 'காது வளர்த்தல்' என்றே அதற்குப் பெயர். நான் நெடுநாள் அதை வெறும் இழுவை என்று நினைத்திருந்தேன். இல்லை, உண்மையிலேயே வளர்ச்சிதான். தோலை மெதுவாக, விடாமல் இழுத்தால் அதன் அணுக்கள் பெருகிப் புதுத் தோலை உண்டாக்குகின்றன. அவசரப்பட்டால் கிழியும், நிதானமாகப் போனால் வளரும். 1957ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் நியூமன் என்பவர், காது இழந்த ஒரு நோயாளிக்குத் தோலின் அடியில் ரப்பர்ப் பையை வைத்து, கொஞ்சங்கொஞ்சமாக ஊதிப் பெருக்கி, அப்படி வளர்ந்த தோலைக்கொண்டு காதுக்கு உருக் கொடுத்ததை எழுதினார். இன்று தீக்காயம் பட்டவர்களுக்கும் அந்த முறை பயன்படுகிறது. ஆச்சிக்கு இதைச் சொல்லியிருந்தால், "ரப்பர் எதுக்குடா, ஈயம் போதாதா?" என்று கேட்டிருப்பாள்.

காதில் வருகிற சொறிக்கு நகையும் காரணமாகலாம். மலிவான நகைகளில் கலந்திருக்கும் நிக்கல் என்னும் உலோகம் வியர்வையில் கரைந்து, பச்சைப் புண்ணின் வழியாக உடம்புக்குள் நுழைகிறது. சிலருடைய உடம்பு அதை விரோதி என்று குறித்து வைத்துக்கொள்கிறது. குறித்து வைத்ததை வாழ்நாள் முழுவதும் மறப்பதில்லை. பிற்காலத்தில் கைக்கடிகாரம் பட்டாலும், சட்டைப் பொத்தான் பட்டாலும் அரிப்பும் நீர்க்கசிவும் உண்டாகும். ஐரோப்பிய நாடுகள் 1994ஆம் ஆண்டிலேயே காதணிகளில் நிக்கலுக்குச் சட்ட வரம்பு விதித்தன. முதற் கம்பி நல்ல தங்கமாக இருக்கட்டும் என்று நம் பெரியவர்கள் பிடிவாதம் பிடிப்பதை ஆடம்பரம் என்று நான் இனிச் சொல்ல மாட்டேன்.

புண்ணைப் பேணுவது சுலபம். ஒரு டம்ளர் காய்ச்சி ஆறிய நீரில் கால் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, சுத்தமான துணியால் நாளுக்கு இருமுறை ஒற்றியெடுத்தால் போதும். ஸ்பிரிட்டு வேண்டாம், அது கிருமியோடு புதிய அணுக்களையும் கொல்லுகிறது. கம்பியைத் தினமும் திருகிவிட வேண்டும் என்பார்கள். அதுவும் வேண்டாம், உறை கிழியும். துடைப்பக் குச்சியையும் வேப்பங் குச்சியையும் துளையில் செருகுவதை அடியோடு விட்டுவிட வேண்டும். திருகாணியை இறுக்கவும் கூடாது; காது வீங்கும்போது அது சதைக்குள் புதைந்து போவதுண்டு.

இனி வளர்தழும்புக்கு வருகிறேன். சாதாரணத் தழும்பு காயத்தின் எல்லைக்குள்ளேயே நிற்கும். சில தழும்புகள் தடித்து மேலெழும்பும்; எனினும் எல்லை தாண்டுவதில்லை; நாளடைவில் தணிவதும் உண்டு. கீலாய்டு அப்படியல்ல. நாரை இழைக்கிற அணுக்களுக்கு 'போதும், நிறுத்து' என்ற உத்தரவு எட்டுவதில்லை. அவை இழைத்துக்கொண்டே போகின்றன. ஊசி முனை அளவுக் காயம் எல்லை கடந்து உருண்டையாகிறது. நண்டின் கொடுக்கைப் போல நாலா பக்கமும் பரவுகிறதென்று, பிரெஞ்சு வைத்தியர் அலிபெர் சென்ற நூற்றாண்டுக்கும் முந்தின நூற்றாண்டின் தொடக்கத்தில், கிரேக்கச் சொல்லிலிருந்து இந்தப் பெயரை வைத்தார். இது புற்று நோய் அல்ல. உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனால் அரிக்கும், வலிக்கும், பிறர் கண்ணில் படும். கறுத்த சருமமுள்ளவர்களுக்கு அதிகமாக வருகிறது; பத்து வயது முதல் முப்பது வயது வரை அதிகமாக வருகிறது; குடும்பத்தில் தொடர்ந்து வருகிறது. சோணை, தோள், மார்பு ஆகியவை அது விரும்பித் தங்கும் இடங்கள். வெறுமே வெட்டி எடுத்தால் ஏறக்குறையப் பாதிப் பேருக்கோ, அதற்கு மேற்பட்டவர்களுக்கோ திரும்பி வருகிறது. என் தங்கைக்கு நேர்ந்தது அதுவே. ஆரம்பத்திலேயே ஸ்டீராய்டு மருந்தைத் தழும்புக்குள் ஊசியால் செலுத்துவது, வெட்டின பிறகு அழுத்தும் காதணியை மாதக் கணக்கில் அணிவது என்று வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பொறுமை வேண்டும்.

வைத்தியர் எங்களிடம் மறைக்காமல் சொன்னார்: "தாய்க்கு இருக்கிறபடியால் குத்தாமல் இருப்பதே பத்திரம்."

நான் தங்கையிடம், "குத்த வேண்டாம் அம்மா. வளர்ந்த பிறகு அவளே தீர்மானித்துக்கொள்ளட்டும். காது அவளுடையதுதானே?" என்றேன்.

அதற்கு அவள் சொன்ன பதில் என்னைத் திகைக்க வைத்தது. "அண்ணா, வைத்தியர் சொன்ன மற்றதை நீ கேட்கவில்லையா? குத்துவதென்றால் சின்ன வயதில் குத்துங்கள் என்றாரே! வளர்ந்த பிறகு என்று விட்டால், எனக்கு வந்த வயதில் அவள் போய்க் குத்திக்கொள்வாள். அப்போது உன்னைக் கேட்பாளா, என்னைக் கேட்பாளா?"

அவள் சொன்னதற்கு ஆதாரம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை வைத்தியப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்த ஆராய்ச்சி, 11 வயதிலும் அதற்குப் பிறகும் காது குத்திக்கொண்டவர்களுக்கு, அதற்கு முன் குத்திக்கொண்டவர்களைவிடக் கீலாய்டு அதிகம் வந்ததாகக் கூறுகிறது. சிறிய ஆராய்ச்சிதான், ஆனாலும் என் தங்கையின் இரு துளைகளும் அதையே சொல்லுகின்றன அல்லவா? குழந்தையின் சம்மதத்துக்காகக் காத்திருந்தால் அபாயம் வளர்கிறது. அபாயத்தைக் குறைக்கப் பார்த்தால் சம்மதம் இல்லாமல் போகிறது. நான் வகுப்பில் கணக்குப் போட்டுப் பழகினவன். இந்தக் கணக்கு எனக்கு மீதி இல்லாமல் வகுபடவில்லை. நான் இன்னமும் வேண்டாம் என்கிற கட்சிதான். ஆனால் அந்தக் கட்டியைச் சுமக்கிறவள் அவள், நான் அல்ல.

குத்தினார்கள். சோணையில் மட்டும், பக்கத்துக்கு ஒன்று. நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். குழந்தை வீரிட்டாள், எல்லாரும் சிரித்தார்கள், என்னால் சிரிக்க முடியவில்லை.

அது முதல் ஞாயிற்றுக்கிழமை தோறும் தங்கை வீட்டுக்குப் போய் வருகிறேன். போனவுடன் மருமகளை மடியில் வைத்து, சோணைகளின் பின்புறத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பது வழக்கம். அவள் அதை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு என் காதையும் பிடித்து இழுக்கிறாள். குத்தி ஓர் ஆண்டு வரை கவனித்து வரச் சொல்லியிருக்கிறார் வைத்தியர். இப்போது ஏழு மாதம் ஆகிறது. சென்ற ஞாயிற்றுக்கிழமை வரையில் ஒன்றும் தட்டுப்படவில்லை.